கோன்சுவேக்ரா என்றால் சம்பந்தி

சனிக்கிழமை காலை லெட்சுமிக்கு ஒரு தோசைகூட ஒழுங்காக வரவில்லை. முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. அடுத்தது கருகியது. அதற்கும் அடுத்ததைத் திருப்பப் போகும்போது கைப்பேசி அடித்தது. திரையில் மருத்துவமனையின் எண்ணைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

என்ன குற்றம் என்று போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். விட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தோசை தீய்ந்தால் தீயட்டும்.

லெட்சுமியின் மகள் ரூபினிக்கு இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை மத்தேயோ மெக்சிகோக்காரன். பாயான் லெப்பாஸில் ரூபினி வேலை செய்யும் அதே தொழிற்சாலையில் எஞ்சினியர். கல்யாணத்துக்கு முன்னால் முடித்தாக வேண்டிய வேலை என்று கம்பெனி அவனை அவனுடைய சொந்த ஊருக்கே அனுப்பிவைத்தது. அவன் அங்கே போய் இறங்க, அவனுடைய அம்மா எலேனா கல்யாண வேலைக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று பினாங்கில் வந்து இறங்கினாள். ஜெலுத்தோங்கில் இருக்கும் லெட்சுமியின் வீட்டில் மாடி அறை அவளுக்கு.

எலேனாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் லெட்சுமிக்கு ஸ்பானிஷ் கொஞ்சம் வரும். மகள் காதலைச் சொன்ன மாதத்திலிருந்து கைப்பேசியில் ஓர் ஆப் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஆப்புக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலச் சொல் ஒன்றைக் காட்டும். அதற்கு ஸ்பானிஷ் சொல்லைப் போட வேண்டும். ஆப்பிள், நாற்காலி, நாளை, மழை என்று லெட்சுமி கறி வதக்கும்போதும் போட்டாள், கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும்போதும் போட்டாள். மத்தேயோவோடு ஆங்கிலத்திலேயே காலத்தை ஓட்டிவிட்ட ரூபினி, "கட்டிக்கப் போறது நானா நீங்களாம்மா?" என்று கேலி செய்வாள்.

அந்த ஆப்பில் ஒரு சொல் மட்டும் இல்லை. சம்பந்தி. ஆங்கிலத்திலேயே இல்லாத சொல்லை அதனிடம் எப்படிக் கேட்பது? ஆனால் விமான நிலையத்தில் எலேனா பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து லெட்சுமியைக் கட்டிப்பிடித்து "கோன்சுவேக்ரா" என்றாள். லெட்சுமி முழித்தாள். மத்தேயோவைக் கைப்பேசியில் கூப்பிட்டுக் கேட்டால், அவன் சிரித்துக்கொண்டே, மகனைக் கட்டியவளின் அம்மா என்று விளக்கினான். அட, சம்பந்தியம்மா! இங்கிலீஷ்காரனுக்கு இல்லாத உறவு இவர்களுக்கு இருக்கிறது. லெட்சுமிக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வேறு பெயரில் அழைத்ததில்லை. மத்தேயோவும் அந்தத் தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் கூப்பிட்டு, "அம்மா, சம்பந்தி எங்கே?" என்றுதான் தொடங்குவான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் எலேனா லெட்சுமியைக் குளியலறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். லெட்சுமியின் கையைப் பிடித்துத் தன் இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குப் பக்கத்தில் வைத்தாள். "புல்தோ" என்றாள். லெட்சுமி அந்தச் சொல்லை அதற்கு முன் படித்ததில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை, கட்டி என்று விரலுக்கே தெரிந்தது. பிள்ளைகளுக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்று எலேனா சைகையாலும் சொல்லாலும் கெஞ்சினாள். அதனால் செவ்வாய்க்கிழமை இரண்டு பெண்களும் ஷாப்பிங் என்று வீட்டில் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனார்கள்.

ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் ஆங்கிலத்தில் நிதானமாகத்தான் சொன்னார். கட்டி இருக்கிறது, பார்க்க எனக்குத் திருப்தியாக இல்லை, இந்த வாரமே ஊசி போட்டுச் சோதனைக்கு மாதிரி எடுத்துவிட வேண்டும், தாமதிக்கக் கூடாது. எலேனா டாக்டரைப் பார்க்கவில்லை. லெட்சுமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீக்கிரம் என்பதற்கு ப்ரோன்தோ. பிறகு என்பதற்கு தெஸ்புவேஸ். இரண்டும் முதல் மாதத்துப் பாடம். லெட்சுமிக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

லெட்சுமி சொன்னது இதுதான்: "பெகேஞோ. தெஸ்புவேஸ் தே லா போதா." சின்னதுதான். கல்யாணத்துக்குப் பிறகு.

எலேனா நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, லெட்சுமியின் கன்னத்தில் முத்தமிட்டாள். அவள் சிரித்ததைப் பார்த்து, தைரியசாலி என்று டாக்டர் நினைத்திருப்பார்.

இதுதான் குற்றம். வாய்தவறி வந்ததில்லை, தெரிந்தே சொன்னது. மாதிரி எடுக்க வியாழக்கிழமைக்குக் கொடுத்த நேரமும் வந்தது, போனது.

இப்போது அடித்த கைப்பேசியில் பேசியது நர்ஸ் நோர்மா. மலாயில் மரியாதையாகத்தான் கேட்டாள், வியாழக்கிழமை ஏன் வரவில்லை என்று. எலேனாவுக்குக் காய்ச்சல் என்றாள் லெட்சுமி. அப்படியானால் திங்கட்கிழமை காலை கட்டாயம் வந்துவிடுங்கள், டாக்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டார் என்றாள் நோர்மா. பார்க்கலாம் என்று சொல்லி லெட்சுமி கைப்பேசியின் சத்தத்தை அணைத்துக் கைப்பையின் அடியில் போட்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

சாப்பாட்டு மேசையில் அவளுடைய கணவர் தங்கராஜு, கருகின தோசையைச் சட்னியில் மறைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மண்டபக்காரரிடம் ஆள் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லிவிட்டாராம். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

"ரிலேக்ஸ்லா லெட்சுமி. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு பெரியவங்களே சொல்லிருக்காங்க. நாம இப்பதானே ஒண்ணு சொல்லிருக்கோம்."

லெட்சுமி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனிதர் அறியாமல் சொன்னார். அதற்காக வலிக்காமல் இருக்குமா?

எலேனா குளித்துவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஈரத்தலையில் துண்டு. கல்யாணத்தன்று வாசலில் நின்று எல்லோரையும் தமிழில் வரவேற்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். தங்கராஜுவைப் பார்த்துக் கைகூப்பி, "வாங்க. உக்காருங்க. சாப்டீங்களா?" என்றாள். அவர் எழுந்து நின்று, "சாப்டேன் சம்பந்தியம்மா, ரொம்ப சந்தோஷம்" என்று திரும்பக் கும்பிட்டார். எலேனாவுக்கு ஒரே சிரிப்பு. அதே சிரிப்போடு வந்து லெட்சுமியின் தோளில் முகவாயை வைத்து, தோசைக்கல்லை எட்டிப்பார்த்து, கருகினது எனக்குப் பிடிக்கும் என்று சொல்லி எடுத்துக்கொண்டாள்.

திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். பிரியமாக இருப்பவரை எப்படித் தாங்குவது? லெட்சுமிக்கு அந்தத் தோளை உதறிவிட்டு ஓட வேண்டும்போல் இருந்தது.

பத்து மணிக்கு ரூபினி காரை எடுத்தாள். லிட்டில் இந்தியாவில் எலேனாவின் ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வேண்டும். சம்பந்திக்கு என்று லெட்சுமியே பார்த்து எடுத்த மாம்பழ மஞ்சள் பட்டுப்புடவைக்குத் தைத்தது. தையல்காரி சுலைஹாவின் கடை துணிக்கடைக்குப் பின்னால், ஒரு திரைச்சீலையும் ஒரு கண்ணாடியும் மட்டும் உள்ள சின்ன இடம். ரூபினி முன்கடையில் மாலைக்கு ஏற்ற ரிப்பன் பார்க்க நின்றுவிட்டாள்.

திரைக்குள் எலேனா ரவிக்கையை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தாள். கையைத் தூக்கச் சொன்னாள் சுலைஹா. இடது கை பாதி தூரம் போனதும் எலேனாவின் முகம் சுளித்தது. உடனே சரிசெய்துகொண்டாள்.

"அக்கா, இந்தப் பக்கம் கொஞ்சம் வலிக்குது போல," என்றாள் சுலைஹா. "நான் தளத்தி வெச்சுடறேன். கல்யாணத்தன்னிக்கு நாள் பூரா போட்டிருக்கணுமே."

என்ன சொல்கிறாள் என்று எலேனா கண்ணாலேயே கேட்டாள். ஒன்றுமில்லை என்று லெட்சுமி சொன்னாள். அதற்கும் ஸ்பானிஷில் ஒரு சொல் இருக்கிறது, நாதா. அதுவும் முதல் மாதத்துப் பாடம்தான். வீடு, நாய், பால் என்று ஆசை ஆசையாகப் படித்த மொழி, இப்போது அவளுக்குப் பொய் சொல்லத்தான் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

அப்போது திரை விலகியது. ரூபினி. அவள் கையில் கைப்பேசி, ரிப்பன் இல்லை.

"அம்மா, கொஞ்சம் வெளிய வாங்க."

லெட்சுமி மருத்துவமனையில் பதியும்போது, அவசரத்துக்கு இன்னொரு எண் கேட்டார்கள். பழக்கதோஷத்தில் மகளின் எண்ணைக் கொடுத்திருந்தாள். மறுபடி கூப்பிட்டபோது லெட்சுமி எடுக்காததால் நோர்மா அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுவிட்டாள். கைப்பேசியை அணைத்து வைத்த புத்திசாலித்தனத்துக்குக் கிடைத்த பரிசு.

இரண்டு பேரும் காக்கி லீமாவில், பூக்கடைக்குப் பக்கத்துத் தூணோரம் நின்றார்கள். கடைகளின் முன் நடைபாதையில் சனிக்கிழமைக் கூட்டம் இடித்துக்கொண்டு போனது. நோர்மா நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எலேனா திங்கட்கிழமை வந்தே ஆக வேண்டும், காய்ச்சல் விட்டுவிட்டதா என்று மட்டும் கேட்டாளாம். யாருக்குக் காய்ச்சல் என்று ரூபினி கேட்டாள். லெட்சுமி தூணைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். குளியலறை, ஸ்கேன், டாக்டர், தான் சொன்னது.

ரூபினியின் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"ஏம்மா?"

ஏன் என்பதற்கு லெட்சுமியிடம் இரண்டு பதில் இருந்தன. முதலில் நல்ல பதிலைச் சொன்னாள். நம் வீட்டில் நோயாளியிடம் நோயைச் சொல்வதில்லை. சுங்கை பாக்காப்பில் இருந்த பெரியம்மா பாக்கியத்துக்கு வந்தபோது கடைசி வரைக்கும் யாரும் அவர் காதில் போடவில்லை. வயிற்றுப்புண் என்றுதான் சொன்னோம். தைரியம் போய்விடக் கூடாதே என்றுதான். நான் பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்த்தபோதும் டாக்டர் சொன்னதை நயமாகச் சொல்லித்தானே பழக்கம்.

"பெரியம்மாகிட்ட சொல்லல. ஆனா வைத்தியம் பண்ணீங்கல்ல? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்கல்ல? இங்க நீங்க வைத்தியத்தையே தள்ளி வெச்சிருக்கீங்க."

நல்ல பதில் அத்தோடு செத்துப்போனது. மிச்சம் இருந்தது உண்மையான பதில்.

ரூபினிக்கு இதற்கு முன்னால் ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை நிபோங் திபால் பக்கம். பரிசம் போட்ட சில நாளில் மாப்பிள்ளையின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். சாவு வீட்டுக்குப் போன ரூபினியின் காது படவே, பொண்ணு ராசி அப்படி என்று இரண்டு அத்தைமார் பேசினார்கள். சம்பந்தம் முறிந்தது. அதற்குப் பிறகு வந்த வரன்கள் எல்லாம் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டே திரும்பின. ரூபினி எத்தனை நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள் என்று லெட்சுமிக்குத்தான் தெரியும். இப்போது இந்த மாப்பிள்ளையின் அம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் படுத்தால்? கல்யாணம் தள்ளிப்போனால்? அதே வாய்கள் சும்மா இருக்குமா?

"மறுபடியும் உன்னைச் சொல்லிருவாங்களேன்னுதான்," என்றாள் லெட்சுமி. "மூணே வாரம். தாலி ஏறட்டும், அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடலாம்னு நெனச்சேன்."

ரூபினியின் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு அந்த மனுஷன் செத்ததுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. அதை நம்பித்தான் நான் எந்திரிச்சு நடந்தேன். ஆனா இந்த மூணு வாரத்துல அவங்களுக்கு ஏதாச்சும் முத்திப்போனா, அது உண்மையிலயே என்னாலதான். நீங்க எனக்காகப் பண்ணதாலதான். அந்த ராசியை நீங்கதான்மா எனக்குக் குடுத்திருக்கீங்க."

ஊர் சொன்னதைவிடப் பெற்ற மகள் சொன்னது ஆழமாக இறங்கியது. லெட்சுமிக்குத் தன் அக்கா பாக்கியத்தின் கடைசித் தீபாவளி நினைவுக்கு வந்தது. எலும்பும் தோலுமாகப் படுத்துக்கொண்டு, "எனக்கு என்னதான்டி, நீயாச்சும் சொல்லேன்" என்று கேட்டாள். ஒண்ணுமில்லக்கா என்று சொல்லிவிட்டு வந்தவள் லெட்சுமி. அது அன்பு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அக்காவுக்கு அது எப்படி இருந்தது என்று இன்றுதான் முதல்முறையாக யோசித்தாள்.

நானே இப்போது சொல்லிவிடுகிறேன், கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டுகிறேன் என்றாள் ரூபினி. லெட்சுமி அவள் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம். மாத்திச் சொன்னது என் வாய். அதுதான் திருப்பிச் சொல்லணும். வீட்டுக்குப் போயி சொல்றேன். நான் சொல்லலன்னா நீ சொல்லு."

ரூபினி அங்கேயே நின்று நோர்மாவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை காலைக்கு உறுதி செய்தாள்.

அதன்பிறகும் ஊரெல்லாம் சுற்ற வேண்டியிருந்தது. கல்யாண வேலை யாருக்காகவும் நிற்காது அல்லவா? பத்திரிகை அச்சடிக்கும் கடை, மாலைக்குச் சொல்லும் கடை, மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. எலேனா ரசத்தைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தாள். லெட்சுமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

திரும்பும்போது எலேனா முன் இருக்கையில், ரவிக்கைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டு வந்தாள். பின் இருக்கையில் லெட்சுமி பாடம் படித்தாள். முதலில் ஆங்கிலம், பிறகு ஸ்பானிஷ், அந்த ஆப் பழக்கிய முறையில். பொய் என்பதற்கு மென்தீரா. காத்திரு என்பதற்கு எஸ்பேரா. பயம், மியேதோ. மன்னிப்பு, பெர்தோன். திங்கட்கிழமை, லூனேஸ். கைப்பேசியில் போட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் மணி அடித்து, சபாஷ் என்று பச்சை நிறம் காட்டியிருக்கும் அந்த ஆப். மென்தீராவுக்கும் காட்டியிருக்கும்.

ஜெலுத்தோங் வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தங்கராஜு கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். எலேனா மாடிக்குப் போய்ச் சற்றுப் படுத்தாள். லெட்சுமி கீழே ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடந்தாள். இரண்டு முறை மாடிப்படியில் கால் வைத்துவிட்டு இறங்கினாள். ரூபினி சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவசரப்படுத்தவில்லை, அதே சமயம் எழுந்தும் போகவில்லை.

சாமி விளக்கேற்றும் நேரத்தில் எலேனா இறங்கி வந்தாள். மஞ்சள் பட்டுப்புடவையையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள், கொசுவம் வைக்கக் கற்றுத்தரச் சொல்லி. லெட்சுமி அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள். தானும் எதிரில் உட்கார்ந்தாள்.

"கோன்சுவேக்ரா," என்று தொடங்கினாள். "எல் மெதிகோ. டாக்டர். நோ தெஸ்புவேஸ். ப்ரோன்தோ."

எலேனா சிரித்தாள். லெட்சுமி சொல்லைக் குழப்பும்போதெல்லாம் சிரிக்கும் அதே பிரியமான சிரிப்பு. நாள்தோறும் நடப்பதுதான், இவள் நாளைக்குப் பதில் நேற்று என்பாள், அவள் திருத்துவாள். இப்போதும் விரலை ஆட்டி, "நோ, நோ. தெஸ்புவேஸ்," என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுத்தாள்.

"நோ," என்றாள் லெட்சுமி. "டாக்டர் சொன்னது ப்ரோன்தோ. நோ எஸ்பேரா. லூனேஸ், ஆஸ்பத்திரி."

சிரிப்பு நின்றது. எலேனா லெட்சுமியின் முகத்தையும் ரூபினியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய கை தானாக இடது பக்கம் போனது. மெதுவாகக் கேட்டாள்.

"எர்ரோர்?"

தவறா? சொல் மாறிப்போய்விட்டதா?

கேட்டவளின் கண்ணில் கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடேன், நான் மன்னித்துவிடுகிறேன், உனக்கு எங்கள் மொழி அரைகுறைதானே. ஒரே ஒரு தலையாட்டல் போதும். அதோடு எல்லாம் முடிந்துவிடும். எலேனா அவளைக் கட்டிக்கொண்டு அழுவாள், திங்கட்கிழமை கைகோத்துக்கொண்டு போவார்கள், கல்யாணத்தன்று வாசலில் ஜோடியாக நிற்பார்கள். ரூபினிகூட வாயைத் திறக்க மாட்டாள். லெட்சுமி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். ரூபினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டாள்.

லெட்சுமிக்கு ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று நான் எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை. 'ஆமாம்' நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் இன்னொரு முறை இந்த மொழியில் பொய் சொன்னால், பிறகு எந்த மொழியிலும் தன்னால் இவளோடு பேச முடியாது என்று தோன்றியது.

"நோ எர்ரோர்," என்றாள். "மென்தீரா. நான் சொன்னேன். யோ. மென்தீரா."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"போர் கே?" என்றாள் எலேனா. ஏன்?

லெட்சுமி முயன்றாள். ரூபினியின் பெயரைச் சொன்னாள். கல்யாணம் என்றாள். ராசி என்பதற்கு ஆங்கிலத்தில் எதைச் சொல்வது, அதை எப்படி ஸ்பானிஷில் போடுவது? அதிர்ஷ்டம், கெட்ட அதிர்ஷ்டம் என்று ஏதோ சொன்னாள். பயம் என்றாள். சொல்லச் சொல்ல அவள் காதுக்கே அது எவ்வளவு அற்பமாக இருந்தது. தமிழில் மலைபோல் நின்ற காரணம், அந்த மேசைமேல் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. "பெர்தோன்" என்றாள். மறுபடியும் சொன்னாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

எலேனா கத்தவில்லை. தன் மார்போரத்தில் கையை அழுத்தி வைத்துக்கொண்டு, "மி குவேர்போ" என்றாள்.

என் உடம்பு. தலை, கை, கால் என்று உடம்புப் பாடத்தில் படித்த சொல்தான். லெட்சுமிக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

எலேனா எழுந்தாள். மேசைமேல் கிடந்த மஞ்சள் பட்டைப் பொறுமையாக மடித்தாள். மடித்து லெட்சுமியின் பக்கம் நகர்த்தி வைத்தாள். ரூபினியின் எதிரில் போய் நின்று, அவள் கன்னத்தைத் தொட்டு, திங்கட்கிழமை நீ என்னோடு வா என்றாள், சொல்லும் சைகையுமாக. ரூபினி தலையாட்டினாள். நீ மட்டும் என்று எலேனா சேர்த்துக்கொண்டாள். பிறகுதான் லெட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிராசியாஸ், செஞோரா."

நன்றி, அம்மணி. கடைக்காரியிடம், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம், முன்பின் தெரியாத யாரிடமும் சொல்லலாம் என்று அந்த ஆப் முதல் நாளே கற்றுக்கொடுத்த சொல். இத்தனை நாளில் எலேனா ஒருமுறைகூட லெட்சுமியை அப்படி அழைத்ததில்லை.

அவள் மாடியேறிப் போனாள். ரூபினி அம்மாவின் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு, தானும் மேலே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

லெட்சுமி பட்டுப்புடவையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. விளக்கு ஏற்ற வேண்டும், எழுந்திருக்க முடியவில்லை. மேசைமேல் கைப்பேசி அதிர ஆரம்பித்தது. சத்தத்தை அவள் காலையில் அணைத்தது அப்படியேதான் இருந்தது. திரையில் மத்தேயோ. அங்கே விடிகிற நேரம். அவனுக்கு ஒன்றும் தெரியாது, கட்டி இருக்கிறது என்பதே தெரியாது.

எடுக்காமல் விட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஒரு கைப்பேசியை எடுக்காமல் விட்டதால்தான் இன்றைய பொழுது இப்படி விடிந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. எடுத்தாள்.

தொப்பியும் தோள்பையுமாகத் திரை நிறைய அவன் முகம். வாயெல்லாம் பல்.

"அம்மா," என்றான் மத்தேயோ, "சம்பந்தி எங்கே?"